டிராயருக்குள் மகளின் போன்

சலூன்காரருக்குக் கத்திரியும் வாயும் சேர்ந்தேதான் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கக் கேட்டிருப்பார். அப்பேர்ப்பட்ட வாய்க்காரரை அவருடைய பதினாறு வயது மகள் ஒரே கேள்வியால் திணறடித்தாள்.

அவள் போனில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் பேசாமல் போனார்கள் என்று சாப்பிடாமல் காத்திருக்கிற ரகம். தோழிகள் பதில் போடாவிட்டால் அன்றைக்கு வீடே இழவு வீடுதான். கடைசியில் அவளுக்கே வெறுத்துப்போய், போனை அப்பா கையில் திணித்தாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் கடையிலயே வச்சுக்கோங்கப்பா. அழுதாலும் குடுக்காதீங்க. அம்மான்னா ஒரே நாள்ல உருகிடுவாங்க."

"அப்போ நான் மட்டும் என்ன கல்லா?"

"இல்லப்பா. கடை தூரமா இருக்குல்ல."

சீப்பும் பிளேடும் கிடக்கிற டிராயரில் போன் குடியேறியது. பெண்ணுக்கு நல்ல காலம் பிறந்தது. படுத்ததும் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மங்கியது. அம்மாவோடு சண்டை போடக்கூடத் தெம்பு வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து கேட்பாள்: "யாராவது என்னைத் தேடுனாங்களாப்பா?"

முதலில் நிஜமாகவே தேடினார்கள். 'எங்கடி போன?' என்று பூட்டிய திரையிலேயே தெரியும். பிறகு அது குறைந்தது. 'இவதான் வர்றதே இல்லையே, புது குரூப் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் அங்க வாங்க' என்று தோழிகளின் பழைய குரூப்பில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சார்ஜ் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்ப்பார், காலையில் கடையில் போட்ட சார்ஜ் முழுசாக இருக்கும்.

இதை எந்த வாயால் சொல்வது?

"தேடிக்கிட்டேதாம்மா இருக்காங்க. உன் போன் கத்துற கத்துல யார் காதையாவது வெட்டிடுவேன் போல" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மனிதர் மிகப் பொருத்தமாகவே சொல்லித் தொலைத்தார். பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதே இந்தப் பொய்யால்தானோ என்று பயம் வேறு. மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

பரீட்சை முடிந்த மத்தியானம் அவள் நேரே கடைக்கு வந்தாள். அவர் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி தொண்டையருகே இருந்தது.

"போனை எடுத்துக்கறேம்பா. எல்லாத்தையும் மொத்தமா உக்காந்து படிக்கப் போறேன்."

"இரும்மா, இவரை முடிச்சிட்டு..." என்பதற்குள் டிராயர் திறந்துவிட்டது.

எதிரிலிருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. விரல் மேலும் கீழும் போய் ஓரிடத்தில் நின்றது. அந்தக் கடைசி வரியைத்தான் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு பதறியது, கை பதறக் கூடாத இடத்தில் இருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கவும் முடியவில்லை, திரும்பி ஒரு வார்த்தை சொல்லவும் முடியவில்லை.

அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாகவே அப்பாவைப் பார்த்தாள். அழுவாள், ஏன் பொய் சொன்னீங்க என்று கத்துவாள் என அவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நிறைய வந்திருக்குப்பா" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே."

அவர் தலையை ஆட்டினார். பெரியவருக்கு இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருந்தது.