அவள் பார்க்காத அருவி

எண்பதுகளின் தொடக்கத்தில், மணமான புதிதில், கொல்லிமலைக் காட்டுக்குள் மறைந்திருக்கும் ஓர் அருவியைப் பார்க்க நானும் என் மனைவியும் நாமக்கல்லிலிருந்து போனோம். ஆசைப்பட்டவள் அவள்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். அருவிச் சத்தம் கேட்டதும் ஒற்றையடிப் பாதையில் வேகமாகப் போய்விட்டேன். குளித்து முடித்த பிறகே திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணவில்லை.

பதறி ஓடினேன். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"ஏனுங்க, ஏனுங்கன்னு தொண்டை வத்தக் கூப்புட்டனுங்க. பேரச் சொல்லியா கூப்புட முடியும்?" என்றவள் என் தலையைப் பார்த்தாள். "குளிச்சுட்டீங்களாக்கும்?"

மூடுபனி இறங்கிவிட்டதால் அப்படியே ஊர் திரும்பினோம். அடுத்த முறை கூட்டிப்போவதாகச் சொன்னேன், கூட்டிப்போகவேயில்லை. மழைக்காலம் வந்தால், "அந்தத் தண்ணி எப்படீங்க உழுந்துது?" என்று கேட்பாள். நானும் சொல்வேன். போன ஆடியில் அவள் காலமானாள்.

இப்போது மாலையில் நடக்கப் போகும்போது மகளை முன்னால் விட்டு நான் பின்னால் போகிறேன். அவ்வப்போது அவள் நின்று, "ஏனுங்கப்பா, வாரீங்களா?" என்பாள்.

"வாரேன் சாமி" என்று உடனே, சத்தமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.