கள்ளிச் செடி இல்லாத கொடி

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஆவணியோடு ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று வந்தபோது, கூடவே இருந்தவள் நீதானே என்று எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லை. தவறிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். அப்பா ராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறு விற்கும் கடை வைத்தபோது நாங்கள் இங்கே வந்தோம். கடையில் உட்கார அண்ணனுக்கு மனமில்லை. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, துறைமுகத்துக்கு எதிரே மாடியில் இருந்த மெக்சிகோ தேசத்துக் கான்சல் ஆபீசில் சேர்ந்தார்கள். கான்சல் என்றால் தம் நாட்டுக் கப்பலுக்கும் ஜனங்களுக்கும் வெளியூரில் காரியம் பார்ப்பவர். அந்த நாட்டுக் கப்பல் இங்கே வருஷத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். என் தகப்பனார் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

அங்கே கான்சலாக இருந்த துரை இருபது வயதில் தூதர் வேலைக்கு வந்தவராம். அவர் ஊரில் அடுத்தடுத்து ஆட்சி கவிழ்ந்த காலம் அது. புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் போன ஆட்சியின் ஆள் என்று நினைத்து, முன்னைவிடச் சின்ன துறைமுகமாகப் பார்த்து மாற்றினார்களாம். கடைசியில் சென்னை. ஒரே ஒருமுறை தலைநகருக்குத் திருப்பி அழைத்து, மரியாதையோடு வேலையிலிருந்து விடை கொடுத்தால் போதும் என்பதுதான் அவர் ஆசை. அதற்காக அவர் சொல்லச் சொல்ல அண்ணன் டைப் அடித்த கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. "துரை ஊருக்குப் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றே கல்யாணத்தையும் தள்ளிவிட்டார்கள். நான் கணவரை இழந்து திரும்பி வந்தபோது வீட்டில் அண்ணனும் டைப்ரைட்டரும்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கட்டுமரக்காரர் தினமும் வாசலிலேயே கேட்பார்: "இன்னா நைனா, ஒன் தொரைக்குக் கடுதாசி வந்திச்சா?" அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, அந்த நாட்டுப் பெரிய அதிகாரி ஒருவர் கப்பலில் போகும் வழியில் அரை நாள் சென்னையில் இறங்கி ஆபீசைப் பார்ப்பார் என்று தந்தி வந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் துரையைத் திருப்பி அழைப்பார்கள். பெட்டியைத் திறந்தால் கொடியைக் கரையான் அரித்திருந்தது. துரை காய்ச்சலில் படுத்திருந்தார். பச்சை, வெள்ளை, சிவப்பு, நடுவில் கள்ளிச் செடி மேல் உட்கார்ந்து பாம்பைக் கொத்தும் கழுகு என்று அவர் படுக்கையிலிருந்தே சொன்னாராம். கடிதத்தாளில் இருந்த முத்திரையில் மை அப்பி ஒன்றும் தெரியவில்லை.

எனக்குத் தையல் தெரியும் என்பதால் வேலை என்னிடம் வந்தது. பாம்பைப் பிடிக்கும் பறவை என்றால் எங்களுக்குக் கருடன்தான். துறைமுகத்தின் மேல் தினம் வட்டமிடுகிறதே, அதையே பார்த்து வெள்ளைக் கழுத்தும் செம்பழுப்பு இறக்கையுமாகத் தைத்தேன். கள்ளிக்கு வந்ததும் ஊசி ஓடவில்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"கருடனைப் போய் முள்ளு மேலயா உக்கார வைக்கது? பாவம்லா. தாமரையப் போடு, தங்கச்சி" என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அன்று காலை துரை காய்ச்சலோடு எழுந்து அதிகாரியை அழைத்துவரத் துறைமுகத்துக்குப் போனார். அண்ணன் கொடியை ஏற்றினார்கள். தெருவில் போனவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கட்டுமரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டுவிட்டு, "கருடக் கொடி ஏறிக்கீது. இனிமே தொரைக்கு நல்ல காலந்தான் நைனா" என்றார்.

காரிலிருந்து இறங்கிய அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அது எந்த நாட்டுக் கொடி என்று தங்கள் பாஷையில் கேட்டார். அந்தப் பாஷையிலேயே அத்தனை வருஷம் டைப் அடித்த அண்ணனுக்கு அது புரிந்தது. துரை கொடியைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "நம்முடையதுதான். ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. மறந்துவிட்டேன்" என்றார்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்தாளியைக் கவனிக்க அண்ணன் என்னையும் அழைத்திருந்தார்கள்; நான் சர்பத் தட்டோடு வாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். நானும் பேசவில்லை.

சில மாதங்களில் அவர்கள் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. தம் கொடியே நினைவில்லாத வயதை அவர் அடைந்துவிட்டதால் சென்னை ஆபீசை மூடலாம் என்று இருந்தது. திருப்பி அழைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. உண்மையை எழுதுகிறேன் என்று அண்ணன் மன்றாடினார்கள். துரை விடவில்லை. "கான்சல் வாயால் சொன்னதை அவருடைய டைப்பிஸ்ட் மாற்றக் கூடாது" என்றாராம். அவமானத்தோடு ஊருக்குப் போக மனமில்லாமல் ராயபுரத்திலேயே மூன்று வருஷம் இருந்து இறந்தார். அதன் பிறகுதான் அண்ணன் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு எழுதத் தொடங்கினார்கள். தாமரையைப் போடச் சொன்னது நான், அவர் மறக்கவில்லை என்று மாதம் ஒரு கடிதம். ஒரே ஒரு பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் காலமாகிவிட்டதால் விஷயம் முடிந்தது என்று இரண்டு வரி.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை கடிதத்தில் எழுதியதை அன்று வாசலில் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருக்கலாம். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். உண்மைதான். அந்தப் பேசாத குணம்தான் அவர்களைத் தின்றது. நெஞ்சு நோயில் படுத்த கடைசி வாரத்தில்கூட, "தபால்காரர் வந்தாரா?" என்றுதான் கேட்டார்கள்.

நோயில் வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த கட்டுமரக்காரர் குடும்பத்துக்கும், தொலைவிலிருந்து வந்த சொந்தங்களுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்தவருக்கும் எங்கள் நன்றி. இதன் பிரதி ஒன்றை அண்ணன் எழுதிவந்த அதே விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே தமிழ் படிப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் அந்தத் தாமரையைத் தைத்தவள் நான், துரை தம் கொடியை மறக்கவில்லை.



இப்படிக்கு,
தங்கை