ரயிலக்காவின் வலது கை

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மேல்மாடியில் டைப் அடிக்கிறவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த அறை வைத்த பெயர் ரயிலக்கா. அவள் அடிக்கத் தொடங்கினால் பாலத்தின் மேல் ரயில் போவது போல ஒரே சீராகச் சத்தம் கேட்கும், எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. டாக்டர் வாயை மூடுவதற்கு முன்னால் இவள் முற்றுப்புள்ளி வைத்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

வீட்டிலும் அவளுக்குக் கைதான் வாய். ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மகள் நடக்கப் பழகிய வயதிலேயே சைகை மொழி வகுப்பில் சேர்ந்து, அம்மா அதைத் தாய்மொழி போலக் கற்றுக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்கு அது ஏறவில்லை. சாப்பிடு, தூங்கு, போதும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. மகளிடம் எது சொல்வதானாலும், "கொஞ்சம் அவகிட்ட சொல்லேன்" என்று மனைவியைத் தேடி வருவான். அப்பா சொல்வது மகளுக்கும் மகள் சொல்வது அப்பாவுக்கும் அந்த இரண்டு கைகள் வழியாகத்தான் போய் வந்தது.

அந்தக் கைகளில் வலது கைக்குத்தான் முதலில் கேடு வந்தது. காலையில் கண் விழித்தால் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கும். யாரோ ஒருத்தியின் கையைத் தன் தோளில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். உதறினால் எறும்பு ஊர்வது போல மெல்ல உயிர் வரும். படுத்த விதம் சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. தைலம் தேய்த்தாள், துணியை இறுக்கிக் கட்டினாள், இரண்டுக்கும் வலி அசைந்து கொடுக்கவில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்பு அந்த அறையில் ஒருத்தி தோள் வலி என்று சொன்னதும், "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். அவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

தவிர, சுவரில் ஒரு திரை இருந்தது. யார் எத்தனை வரி அடித்தார்கள் என்று அது நாள் முழுக்கக் காட்டிக்கொண்டே இருக்கும். எப்போதும் முதலிடத்தில் நின்ற ரயிலக்காவின் பெயர் ஒருநாள் கீழே சறுக்கியது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன ரயிலக்கா, இன்னைக்கு கூட்ஸ் வண்டியா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மேஜை உயரம், நாற்காலி தாழ்வு. மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றி, கையை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு அடித்தாள். சாயந்திரம் பார்த்தால் இரண்டு மணிக்கட்டிலும் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு இருக்கும். கை சுணங்கச் சுணங்க விரல்களை இன்னும் ஓங்கிக் குத்தினாள். களைத்த மாட்டை அடித்து ஓட்டுகிற மாதிரி தன் கையையே அடித்து ஓட்டினாள்.

அப்படியிருக்கையில் ஒரு சாயந்திரம் மகள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசினாள். காது கேட்கும் பிள்ளைகளோடு அந்த வருஷம்தான் சேர்த்திருந்தார்கள். மகளின் கைகள் படபடவென்று பேசின. வகுப்பில் ஏதோ வேடிக்கைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் அதே மாதிரி சிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இடைவேளை முழுக்க அவளைச் சுற்றி நின்று காட்டியிருக்கிறார்கள்.

"என் சிரிப்பு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. உனக்குத்தானே தெரியும். அசிங்கமா இருக்குமா?"

பதில் அம்மாவிடம் தயாராக இருந்தது. ஆனால் வலது கட்டைவிரல் எழவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வந்தது பாதிச் சொல், குழறிய சொல்.

"என்ன சொல்ற? தெளிவா சொல்லு."

மறுபடி முயன்றாள். வலி முழங்கை வரை சுருக்கென்று ஏற முகம் கோணியது. சைகையில் பேசுகிறவர்களுக்கு முகமும் ஒரு சொல். மகள் அந்தக் கோணலைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டாள். அவசரமாகப் போனை எடுத்து, 'உன் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று இடது கையால் அடித்து நீட்டினாள் அம்மா. மகள் அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும் ரிப்போர்ட் அடிச்சுக் கொடுக்கறியா?"

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். காது கேட்காத பிள்ளை கண்ணை மூடிவிட்டால் அதற்கு மேல் தட்டுவதற்குக் கதவே இல்லை. அம்மா தன்னை மறந்து மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள். உள்ளேயிருந்து கணவன் ஓடி வந்தான்.

"ஏன் இப்படிக் கத்தற? அவளுக்கு எங்க கேக்கப்போகுது?"

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வலது கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். விரல் கணுக்களில் தோல் உரிந்தது. அந்த மூன்று விரல்களில் அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் வேலையில், ஆஸ்பத்திரியின் கை டாக்டர் அனுப்பிய பதிவு அவள் பங்குக்கு வந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு தையல்காரரைப் பற்றிய அறிக்கை. 'மூன்று விரல்களில் உணர்ச்சி குறைவு. விடியலில் மரத்துப்போகிறது. பொருள்கள் கை நழுவுகின்றன. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. தாமதமாக வந்திருக்கிறார்.' அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது கையில் மேடு. வலது கையில் அதே இடத்தில் பள்ளம்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள். "எங்க அக்கா போறீங்க, வரி பாக்கி இருக்கே" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. ரயிலக்கா படியிறங்கினாள்.

கை டாக்டர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது.

"இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"உங்களுக்குத்தான் டைப் அடிச்சிட்டிருந்தேன் டாக்டர்."

அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். மணிக்கட்டில் நரம்பு போகிற வழி குறுகி, நரம்பு நசுங்கியிருக்கிறது. டைப் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கையை மடக்கி, விளிம்பில் அழுத்தி, ஓய்வே கொடுக்காமல் அடித்தது அதை முற்றவிட்டிருக்கிறது. வலது கைக்கு ஆபரேஷன் வேண்டும்.

"பழையபடி வருமா? இந்தக் கையாலதான் என் பொண்ணுகிட்ட பேசறேன்."

"மரப்பு குறையும். போன சதை திரும்புமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இடது கையையாவது காப்பாத்துவோம். கீபோர்டு முழங்கைக்குக் கீழ இருக்கணும். மணிக்கட்டு வளையக்கூடாது, எதுலயும் ஊனக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை கையை எடுத்துடுங்க. தூங்கறப்போ மணிக்கட்டு மடங்காம பட்டை போட்டுக்கங்க. மரத்துப்போன முதல் வாரமே வந்திருந்தா, ஆபரேஷன் இல்லாம இதோட முடிஞ்சிருக்கும்."

கடைசி வாக்கியம் அவள் மேல் இடியாக விழுந்தது. ஒரு நாற்காலியை உயர்த்தியிருந்தால் போதும் என்கிறாரே. திட்டவும் ஆள் இல்லாமல், அழவும் கண்ணீர் இல்லாமல், வராந்தா பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில்தான் மகளுக்கு எல்லாம் விளங்கியது. அம்மாவின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்மேல கோபம்னு நினைச்சேன்" என்றாள். அம்மா இடது கையால் தட்டுத் தடுமாறி, மகள் அந்தச் சாயந்திரம் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொன்னாள். மகள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இடையில் நின்று பேச ஆள் இல்லாததால் கணவனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கிரீஸ் ஏறிய தடித்த விரல்களால் மகளிடம் பேசப் பார்த்தான். 'நாளைக்கு மழை வரும்' என்று சொல்லப் போய் 'நாளைக்குக் குதிரை வரும்' என்று சொன்னான். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தவள் நடுவில் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, அந்தக் கையை விலக்க ஓடிப்போகவேண்டும் போலிருந்தது.

மாதங்கள் போயின. விரல்களில் மரப்பு பெரும்பாலும் விட்டது. கட்டைவிரல் அடியில் குழி அப்படியே இருக்கிறது. சில சொற்களை அந்தக் கையால் இனிச் சொல்ல முடியாது. அவற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கீழே டோக்கன் கொடுக்கிற கவுண்டருக்கு மாற்றினார்கள். மேல்மாடி அறையில் 'அரை மணிக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு கொடுக்கவும்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை டைப் அடித்துக் கொடுத்தவளும் அங்கிருந்த ஒருத்திதான். சுவர்த் திரையை மட்டும் கழற்றவில்லை.

ஒரு மதியம் லிஃப்டுக்குள் மேல்மாடி அறையின் பக்கத்து சீட்டுக்காரி இருந்தாள். வலது கையை விடாமல் உதறிக்கொண்டிருந்தாள். ரயிலக்காவைக் கண்டதும் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்லக்கா. படுத்த விதம் சரியில்ல."

"கை டாக்டருக்கு டோக்கன் போடறேன். இன்னைக்கே வா."

"வரி பாக்கி இருக்குக்கா. தப்பா நினைக்காதீங்க."

மாடி வந்தது, போய்விட்டாள். ரயிலக்கா கவுண்டருக்குத் திரும்பியதும் கேட்காமலேயே அவள் பெயருக்கு ஒரு டோக்கன் போட்டாள். டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் இருந்தவர்களை முன்னால் அனுப்பி அதைத் தள்ளித் தள்ளி வைத்தாள். வராந்தா காலியானது. டாக்டர் கிளம்பப் பையை எடுத்தார். "ஒரு நிமிஷம் டாக்டர், ஒரு நோயாளி பாக்கி" என்று கதவை மறித்து நின்றாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான், கையை அக்குளில் இடுக்கியபடி வந்துகொண்டிருந்தாள்.