பிஜோயாவுக்கு நடுவே வைத்த விசாரணை

ஹவுராவில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்த தொழிற்சாலையில் ஒருவரை வேலைக்கு எடுப்பது எளிது. நீக்குவதுதான் பெரும்பாடு. நீக்கப்பட்டவர்கள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். கொஞ்ச காலம் கழித்து, வழக்கில் ஜெயித்து, போனபோது போட்டிருந்ததைவிட நல்ல சட்டையில் திரும்பி வருவார்கள். ஒரு வழக்கில் குற்றப்பத்திரிகை ஆங்கிலத்தில் இருந்தது, தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இன்னொன்றில் புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்து, தன் புகார் உண்மை என்று தீர்ப்பும் எழுதியிருந்தார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சட்டப் புத்தகத்தை ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி கல்கத்தாவுக்கு வந்தவர். நான் அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமாகி, டாக்குரியாவில் குடியிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. நான் அதை ஒழுங்கு என்பேன், என் வீட்டுக்காரர் வேறு பெயர் சொல்வார். முதல் வேலையாக ஜன்னலிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். இனி இந்தக் கம்பெனியில் நடக்கிற விசாரணையில் ஒரு ஓட்டை இருக்கக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அன்று முழுக்க ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் கிரேன் ஆபரேட்டர் ஃபோர்மேனை அறைந்துவிட்டார். பட்டப்பகலில், ஒர்க்ஷாப் முழுக்கப் பார்க்க. ஃபோர்மேனுக்கு வாய் நீளம். பாரம் தூக்கும்போது எதிலோ தாமதம் என்று கத்தியவர், ஆபரேட்டரின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். ஆபரேட்டர் ஏணியில் நிதானமாக இறங்கி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு அறை விட்டு, மறுபடி ஏணியேறிப் போய் பாரத்தைச் சரியான இடத்தில் இறக்கி வைத்தார். எங்கள் நிலையாணைப்படி, அதாவது கம்பெனியின் வேலை விதிகளின்படி, மேலதிகாரியை அடித்தால் வேலைநீக்கம். அவருக்கு அதுவரை ஒரு கெட்ட பெயர் கிடையாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண், வேலையில்லாத தம்பி, இவர் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலை போனால் அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்?

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பதற்கு நிலையாணையில் இடம் விட்டிருக்கவில்லை. அவரை இடைநீக்கம் செய்து, குற்றப்பத்திரிகையை வங்காள மொழியிலேயே எழுதி, இரண்டு பேரை விட்டுப் படிக்கச் சொல்லி, கையில் கொடுத்தேன். விசாரணை அதிகாரியாக, சம்பந்தமே இல்லாத தலைமை அலுவலகத்திலிருந்து தலை நரைத்த ஒரு கணக்கு அதிகாரியைப் பிடித்தேன். நிர்வாகத் தரப்பில் வழக்கை நடத்துவது நான். தேதியைப் பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கிற அன்றே வைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டில் நவராத்திரி என்றால் விஜயதசமியோடு சரி. அன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம், மறுநாள் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவோம், மீந்த சுண்டலோடு கதை முடிந்தது. வங்காளிகளுக்கு அன்றுதான் ஆரம்பம். துர்க்கையை ஆற்றில் கரைத்துவிட்டு வந்ததும் பிஜோயா. சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொட வேண்டும், சமவயதுக்காரர்கள் கட்டித்தழுவ வேண்டும், இனிப்பு கொடுக்க வேண்டும். காளி பூஜை வரைக்கும், அதாவது நம் தீபாவளி வரைக்கும், இது ஓடும். சண்டைக்காரன் எதிரே வந்தாலும் தழுவித்தான் ஆகவேண்டும். அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது பொருந்தும் என்று தோன்றாமல் போயிற்று.

"என்னங்க, ஒரு கேஸாவது ஒழுங்கா நடக்கப்போகுது," என்றேன் காலையில் வீட்டுக்காரரிடம்.

"எதிர்த்தாப்பல இருக்கறவன் பொழப்பு போகுது, இவளுக்குச் சந்தோஷத்தைப் பாரு," என்றார் அவர். நான் டிபன் டப்பாவை டமாலென்று மூடிக்கொண்டு கிளம்பினேன்.

விசாரணை கேன்டீனுக்குப் பக்கத்து அறையில். ஆபரேட்டர் சலவை வேட்டியில், யூனியன் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நேரே விசாரணை அதிகாரியிடம் போய் காலைத் தொட்டார். அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா, தீர்க்காயுசா இரு," என்று ஆசீர்வாதம் செய்துவிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"சார், இதைப் பதிவு பண்ணணுமா?" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வழக்கமான வணக்கம்னு போடுங்க," என்றார்.

ஆபரேட்டர் என்னைக் கும்பிட்டு, என் கையில் ஒரு தேங்காய் உருண்டையை வைத்தார். அவர் மனைவி செய்ததாம். அதை எங்கே வைப்பது? மேஜை முழுக்கச் சாட்சிப் பத்திரங்கள். வாயில் போட்டுக்கொண்டேன். சொல்லத்தான் வேண்டும், அருமையாக இருந்தது.

கடைசியில் அவர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். ஃபோர்மேன் எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, இந்தத் தோளில் ஒருமுறை, அந்தத் தோளில் ஒருமுறை, மறுபடி இந்தத் தோளில் என்று முறையாகத் தழுவிக்கொண்டார்கள். பிறகு அவரவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் முதல் சாட்சியாக ஃபோர்மேனைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு இவர் உங்களை அடிச்சாரா?"

"புகார்ல எழுதியிருக்கேன். ஆனா இப்ப சரியா ஞாபகம் வரலை."

"கன்னத்துல அறை விழுந்தது ஞாபகம் இல்லையா?"

"ஏதோ பட்டுது. கையாவும் இருக்கலாம்."

"வேற என்னவா இருக்கும்? கிரேன் கொக்கியா?"

"கொக்கியா இருந்தா நான் இப்ப உங்ககூடப் பேசிட்டிருக்க மாட்டேன் தீதி," என்றார் பணிவாக. அங்கே அக்காவுக்குத் தீதி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை உழைப்பு! "அப்படின்னா நீங்க பொய்ப் புகார் கொடுத்திருக்கீங்க. அதுவும் நிலையாணைப்படி குற்றம்தான். நாளைக்கே உங்களுக்கு ஒரு குற்றப்பத்திரிகை அடிச்சுத் தர்றேன், வாங்கிக்கோங்க," என்று கத்திவிட்டேன்.

ஃபோர்மேன் முகம் வெளுத்தது.

எதிரே ஆபரேட்டர் எழுந்தார். "நான்தான் அடிச்சேன். எழுதிக்கோங்க," என்றார். யூனியன் ஆள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுப்பா. எனக்காக அவர் பொய் சொல்லி அவர் வேலையும் போகணுமா? அடிச்சேன். வலது கையால, ஒரு தடவை. அம்மாவைச் சொன்னதுக்கு அடிச்சேன். சட்டப்படி அது தப்பு, தெரியும்."

விசாரணை அத்தோடு முடிந்தது. ஓட்டை எங்கேயும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரே, துணை ஆளின் முன்னிலையில், தெரிந்தே ஒப்புக்கொண்டார். சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

தண்டனையைத் தீர்மானிப்பது ஜெனரல் மேனேஜர். அவரிடம் போய், தண்டனை கொடுக்குமுன் முந்தைய நடத்தையையும் கோபமூட்டிய காரணத்தையும் எடைபோட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சில நாள் சம்பளமில்லாத இடைநீக்கம் போதும் என்றேன்.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பிஜோயாவுக்கு உன் கையில இனிப்பு கொடுத்தானாமே?"

"ஆமா சார்."

"ஃபோர்மேனைத் தழுவினானாம். தலைமை அலுவலகத்துக்காரன் காலைத் தொட்டானாம். அந்த அறை என் அறைக்கு எத்தனை தூரம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தகராறில் நிர்வாகம் தொழிலாளிகளை வெளியே நிறுத்திக் கம்பெனியைப் பூட்டிப்போட்டது. அதற்குப் பிறகு தொழிலாளிகள் யாரும் அவர் அறைக்குப் பிஜோயா சொல்லப் போவதில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை, அப்படியே நின்றுபோயிற்று. அவர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் மேஜையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்திருப்பார், கடைசியில் டிரைவர் வீட்டுக்குப் போகும்.

நான் ஓடினேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்த ஆபரேட்டரைப் பிடித்தேன். "ஒரு நிமிஷம் பெரியவர் ரூமுக்குப் போய் காலைத் தொட்டுட்டு வாங்க. ஒரு வார்த்தை பேச வேண்டாம். வேலை நிக்கும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "இப்பப் போனா அது வேலைக்காகப் போறது தீதி. பிஜோயா இல்லை."

"அய்யோ, யாருக்குத் தெரியும்?"

"தொடுறவன் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

"உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க!"

"அவளை நினைச்சுதான் டீக்கடையில நின்னு யோசிச்சிட்டிருக்கேன்," என்றார். ஆனால் போகவில்லை. என்ன மனுஷன் இவன், இந்தத் திமிரை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டீமரில் ஆற்றைத் தாண்டும்போது அழுதுகொண்டே போனேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஏதோ சாவு வீடு என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.

வேலைநீக்க உத்தரவை நான்தான் எழுதினேன். யூனியன்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். "அடிச்சது நிஜம்தானே, அப்புறம் என்ன கேஸ்?" என்றுவிட்டார். சால்ட் லேக்கில் ஏதோ கட்டடம் கட்டுகிற இடத்தில் சில்லறை வேலை பார்க்கிறார், பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார் என்று அப்புறம் காதில் விழுந்தது. தலைமை அலுவலகம் என்னைப் பாராட்டி நாலு வரி அனுப்பியது. நான் அதை வீட்டில் காட்டவில்லை.

அடுத்த வருஷம் பூஜை முடிந்த வாரம், கேட்டிலிருந்து போன் வந்தது. நீக்கப்பட்ட ஆள் வந்து நிற்கிறார், ஜெனரல் மேனேஜரைப் பார்க்க வேண்டுமாம், ஏதாவது கலாட்டாவா என்று காவலாளி நடுங்கினான். நான் இறங்கிப் போனேன். அதே மனிதர், இளைத்திருந்தார்.

"போன வருஷம் பெரியவருக்கு பிஜோயா சொல்ல முடியலை. இப்ப அவர்கிட்ட எனக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்லையே, இப்பச் சொல்லலாம்," என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அவர் குனிந்து காலைத் தொடப் போனபோது, அந்தக் கல் மாதிரி மனிதர் தொடவிடாமல் தோளைப் பிடித்துத் தூக்கித் தழுவிக்கொண்டார். ஆபரேட்டர் ஒரு சந்தேஷ் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், வெளியே போய்விட்டார். ஜெனரல் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அவனைத் திரும்ப எடுக்கச் சட்டத்துல வழி இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். நிர்வாகமும் அவரும் ஒப்பந்தம் பண்ணிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கி ஓடினேன்.

கேட்டருகே பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது. விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே தலையாட்டுவார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷாப் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஃபோர்மேன் இன்னும் இங்கதான் இருக்காரா?"

"இருக்கார்."

"முதல்ல அவரைக் கேளுங்க தீதி. அறை வாங்கினது அவர்தானே, கம்பெனி இல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனிதருக்கு எதுவுமே நேர்வழியில் வராதா? விறுவிறுவென்று ஷாப்புக்குள் போனேன். மேலே புது ஆபரேட்டர் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கத்தவில்லை. கிரேன் சத்தத்தில் அவர் காதருகே குனிந்து, பழைய ஆளைத் திரும்ப எடுத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

அவர் கையைத் தூக்கி வேலையை நிறுத்தச் சொன்னார். கிரேன் நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஒரு வருஷமா யாராவது என்னைக் கேப்பாங்கன்னு காத்துட்டிருக்கேன்," என்றார்.