ஏரிமேல் விழாத எழுத்துகள்

போன ஞாயிறு என் மச்சான், மனைவியின் தம்பி, லேப்டாப்பைத் திறந்து ஒரு வயலை ஓடவிட்டான். அவனே எழுதிய புரோகிராம். கதிர் வராத பச்சை. காற்று வந்தால் சாய்ந்தது, போனால் நிமிர்ந்தது. உறுவையாறு கிராமத்தில் எங்கள் வாசலைத் தாண்டினால் நிஜ வயல். அதைத் திரும்பியும் பார்க்காத என் மனைவி, ஈரக் கையைத் துடைக்க மறந்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமான நாளாய்க் கவிதை வாசித்துக் காட்டுகிறேன். எந்த வரிக்கும் அவள் அப்படி நின்றதில்லை.

எரிந்தது. நானும் எழுதினேன். பாகூர் ஏரிமேல் மழை. துளிக்குப் பதில் என் கவிதையின் எழுத்துகள், காற்றில் ஆடி ஆடி விழ வேண்டும். சேதராப்பட்டு கம்பெனிக்கு அவள் மதிய ஷிப்ட் கிளம்புவதற்குள் காட்டிவிட வேண்டும்.

புரோகிராமை பில்ட் செய்யும் கட்டளை வரியை மச்சானிடம்தான் கேட்டு வாங்கினேன். அதுவே பாதிக் கசப்பு. நான் எழுதிய கோட் சுத்தமாக கம்பைல் ஆனது. அதை கிராஃபிக்ஸ் லைப்ரரியோடு சேர்க்கிற லிங்கர்தான் மறுத்தது. ஜன்னல் திறக்கிற ஃபங்ஷனைக் காணோம், வண்ணம் பூசுகிற ஃபங்ஷனைக் காணோம் என்று திரை நிறையச் சிவப்பு. லைப்ரரியை அழித்து மறுபடி போட்டேன். அது இருக்கும் இடத்தை முழுசாக எழுதிக் கொடுத்தேன். கண்ணெதிரே வைத்துக்கொண்டு காணோம் காணோம் என்றது. அவன் வயல் மட்டும் எப்படி ஓடியது?

அக்காவை பஸ்ஸில் ஏற்றிவிட அவன் பைக்கோடு வந்தான். லேப்டாப்பை மூடப் போனேன். அதற்குள் அவள் அவனைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லிவிட்டாள். குனிந்து பார்த்தான்.

"இன்னா மாமா, நான் அனுப்புன லைன மாத்திட்டீங்களா? லைப்ரரி பேரு முன்னாடி நிக்குது. யாரும் கேக்காதப்ப வந்து நின்னா லிங்கர் அத தாண்டிப் பூடும். மொதல்ல உங்க ஃபைலு, அப்பறந்தான் லைப்ரரி."

மாற்றியது நான்தான். அவன் வரியை அப்படியே ஒட்டினால் மழையும் அவனுடையதாகிவிடும் என்று, பேர்களைச் சும்மா முன்பின்னாக வைத்திருந்தேன்.

லைப்ரரியின் பேரைப் பின்னால் தள்ளினான். மழை பெய்தது. அவள் பையைத் தோளில் மாட்டாமல் நின்று பார்த்தாள். என் எழுத்துகள், என் ஏரி.

"நல்லாதான் இருக்குதுங்க" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "உன் வயலு மாறியே ஆடுதுடா."

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் உட்கார்ந்து புரோகிராமிலிருந்து காற்றை எடுத்துவிட்டேன். எழுத்துகள் இப்போது ஆடாமல், நேராக, ஆணி மாதிரி இறங்குகின்றன. ஷிப்ட் முடிந்து வரட்டும், மறுபடி காட்டுகிறேன்.