அப்பாவைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனோம்

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த என் அப்பா சென்ற வருடம் இறந்தார். அவர் விருப்பப்படியே உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். எனக்கு அதில் மனமே இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. எங்களுக்குப் போய் நிற்க ஓர் இடமில்லை.

“காலேஜுக்கே போலாம், வா” என்றார் அம்மா.

உடற்கூறியல் துறை வாசலில் ஒரு மாணவி வந்தாள். அம்மா அவளை நிறுத்தி, “எங்க வீட்டுக்காரரு இங்கதாம்மா இருக்காரு. உங்களுக்கு உபயோகமா இருக்காரா?” என்று கேட்டார்.

“யாரு எவருன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கம்மா. ஆனா இங்க தப்பு தப்பா வெட்டித்தான் சரியா வெட்டக் கத்துக்குறோம். இவங்க யாரும் எங்களத் திட்டறதில்ல.”

அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். “அவரா? பாத்தி வரப்பு கொஞ்சம் கோணலா இருந்தாலே ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவாரும்மா!”

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு அம்மா கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு, “எல்லாருக்கும் வைக்கிறேம்மா” என்று உள்ளே போனாள்.

யாருடைய தப்பையும் அப்பா பொறுத்து நான் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று நினைத்தபோது, அவரைக் கொடுத்ததில் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது.