இரண்டாம் முறை கேட்காத படகுக்காரர்

எங்கள் சரக்குக் கப்பல் ஒரு சின்ன இத்தாலியத் துறைமுகத்தில் நின்றது இன்று ஒரு பகல்தான். உலகப் போரில் இடிந்த சுவர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் மலையடியில் வரிசையாக மீன்பிடிக் கிராமங்கள். நம் மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரை கரையோரமாகப் போவதுபோல், படகில் போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

காலையில் அந்தக் கிராமங்களுக்குப் புறப்பட்ட ஒரு படகுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துப் பலகையைத் தட்டிக் காட்டி, ஏறச் சொன்னார்.

எனக்கு ஆசைதான். ஆனாலும் எங்கள் செங்கல்பட்டு வழக்கப்படி, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கையசைத்தேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் துடுப்பைப் போட்டார். அதன்பிறகு வேறு படகு வரவில்லை.

கப்பலில் என்னோடு வேலை செய்யும் கோவளத்துக் காதர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "இன்னா அண்ணாத்த, அந்தாளு இன்னா உன் மாமியாரு வூட்டு ஆளா, கையப் புடிச்சி இஸ்துகினு போவ? கூப்ட்டா ஏறிக்கணும்."

நாங்கள் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறைதான் சம்மதிப்போம் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

மாலையில் கப்பல் கிளம்பியது. அந்தக் கிராமங்கள் தூரத்தில் ஒவ்வொன்றாக மறைந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது.

ஊரிலிருந்து புறப்பட்ட அன்று, "போகாம இருந்துடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வேணாம், போய்ட்டு வாங்க" என்றாள்.

ஒரே முறைதான் கேட்டேன். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் எத்தனை முறை கேட்பீர்கள்? எழுதுங்கள், அடுத்த துறைமுகத்தில் படித்துக்கொள்கிறேன்.